யேய் ஃப்ரீசர்

தாதரில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்
ஞாயிறு பத்து மணிக்கு நார்வே தொடங்கும்.
மே மாதம். மின்விசிறி அடிக்கிற அடியில்
புத்தகம் தானே பக்கம் புரட்டும்.
இன்றைய பாடம் குளிர்காலம்.

டீச்சர் மிருணாளுக்கு இருபத்தாறு வயது.
பெர்கனில் இரண்டு வருடம் மழையில் நனைந்தவள்.
எனக்கு நாற்பத்து மூன்று. கடைசி பெஞ்சு.
அங்கே ஒரு மீன் கம்பெனி ஆள் எடுக்கிறதாம்.

வானிலை பேசத் தெரிந்தால் போதும்,
பஸ் ஸ்டாப்பில் எவரோடும் பேசிவிடலாம் என்றாள்.
பலகையில் எழுதினாள்.
டே ரைனர். மழை பெய்கிறது.
டே ஸ்னேர். பனி பெய்கிறது.
டே ப்ளோசர். காற்றடிக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு டே.
யார் அது என்று கேட்டேன்.
யாருமில்லை,
வாக்கியம் ஆளில்லாமல் நிற்கக் கூடாதாம்,
சும்மா ஒருவனை நிறுத்துகிறார்கள்.
நமக்கு மழையே பெய்துகொள்ளும்.
ஆனாலும் பழகிய சொல்தான்,
எங்கள் சூப்பர்வைசர் சேர்மக்கனி
வாயைத் திறந்தாலே டே.

நான் என்பதற்கு யேய்.
சிரித்துவிட்டேன்.
சசூன் டாக் குளிர்கிடங்கில் பதினாறு வருடமாக
யேய் என்றால் நான்தான்.

மைனஸுக்கு அங்கே மீனுஸ்.
மீனுஸ் ஆத்தன், மைனஸ் பதினெட்டு.
வகுப்பு ஊஊ என்றது.
நர்ஸ் வேலைக்குப் போகும் ஷைனி
துப்பட்டாவால் விசிறிக்கொண்டே நடுங்கிக் காட்டினாள்.

முதலில் மூக்குமுடி குத்தும்.
பேனா எழுதாது, பென்சிலால்தான் கணக்கு.
வாவல் மீன் பெட்டி கை நழுவினால்
கால்விரலுக்கு அது கல்.
நாற்பது நிமிடம் உள்ளே, பத்து நிமிடம் வெளியே,
வெளியே முப்பத்தாறு டிகிரி.
இதையெல்லாம் சொல்ல
எனக்கு இன்னும் வினைச்சொல் வரவில்லை.

வூர்டன் ஆர் வேரே இ டாக்?
என் பக்கம் கையை நீட்டிக் கேட்டாள்.
டாக் என்றது காதில் விழுந்தது.
டாக்கில் எப்படி என்கிறாள் என்று
மீனுஸ் ஆத்தன் என்றேன்.

இ டாக் என்றால் இன்று, யெபராஜ்.
நீங்கள் சொல்வது அறை.
அறைக்குள் வானிலை கிடையாது.

உண்மைதான்.
பதினாறு வருடம் உள்ளே ஒரே மாதம்.
இன்னைக்குக் குளிர் ஜாஸ்தி என்று
யாரிடம் சொல்ல? நேற்றும் அதேதான்.

பிறகு அவர்கள் ஊர்ச் சொலவடை ஒன்று சொன்னாள்.
மோசமான வானிலை என்று ஒன்றில்லை,
மோசமான துணிதான் உண்டு.
வேர், க்ளேர் என்று அங்கே எதுகை விழுகிறது.
இங்கே மூன்று ஷிஃப்டுக்கு ஒரு கோட்டு.
என்னிடம் வரும்போது காலரில் ரஃபீக்கின் பீடி வாசம்,
உள்துணியில் அவன் உடம்புச் சூடு கொஞ்சம்.
அது ஆறுவதற்குள் போட்டுக்கொள்ளத்தான்
நான் ஒருநாளும் லேட்டாகப் போவதில்லை.

எனக்குக் குளிருது, எப்படிச் சொல்வது?
யேய் ஃப்ரீசர்.
இந்த முறை வகுப்பு முழுக்கச் சிரித்தது.
நான் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தமிழில் குளிர் எங்கிருந்தோ வந்து எனக்கு நேரும்,
பசிக்கிற மாதிரி, வலிக்கிற மாதிரி.
அங்கே நான் குளிர்கிறேன்.
அது நான் பார்க்கிற வேலை.
வேலை என்றால் கூலி கேட்கலாம்.

தாராவிக்கு வந்தேன். என்ன படிச்சீங்க என்றாள் மார்த்தாள்,
கழுத்து வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டு.
யேய் ஃப்ரீசர் என்றேன்.
ஃப்ரீசரா? இருக்கிற ஃப்ரிட்ஜுக்கே
இன்னும் நாலு தவணை பாக்கி.

மின்விசிறியை ஐந்தில் வைத்தாள்.
சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு
டே ப்ளோசர் என்றேன்.
அப்படின்னா?
காற்றடிக்குது.
ஆமா என்றாள், பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.