கொழுக்கட்டை எழுத்து

கோப்பில் அதன் பெயர் வேறு ஏதோ.
நாங்கள் வைத்த பெயர் கொழுக்கட்டை.
ஒரு மூலைகூட இல்லாத எழுத்து;
இடித்துக்கொண்டாலும் வலிக்காது.

உபி தொழிற்பேட்டை, நான்காம் மாடி,
வினைல் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்
என் மேசை.
இந்த வாரம் மட்டும் அதைக் கொண்டு
ஒரு பபிள் டீ கடை,
பொங்கோலில் ஒரு பாலர் பள்ளி,
நாய்க்கு முடி வெட்டும் இடம்,
பிறகு ஒரு சிற்றுந்தின் கதவில்
டுரியானோடு ஏறாதீர்.
கண்டிப்பையும் அது
கன்னத்தைக் கிள்ளித்தான் சொல்லும்.

வரி கட்டச் சொல்லும் கடிதத்துக்கு ஆகாது.
சின்னதாக வைத்தால் எல்லாம் கூழ்.
சுவரளவு இடம் கொடுத்தால்
வயிறு குலுங்கச் சிரிக்கும்.

செவ்வாய்க்கிழமை
ஈசூனிலிருந்து டாக்டர் ஹம்சவேணி,
குழந்தைகளுக்கான பல் மருத்துவர்.
"பயப்படாதே என்று மட்டும் போதும்.
நான்கு மொழியிலும்.
நான்கும் ஒரே குண்டில்."

ஆங்கிலம் தயாராக இருந்தது.
மலாய் அதே எழுத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.
சீனத்துக்கு ஹுய் ஷான் ஒன்று வைத்திருந்தாள்,
ஆவி பறக்கும் பாவ்போல.
தமிழைத் தட்டினேன்.
வரிசையாகக் காலிக் கட்டங்கள்,
பல் விழுந்த வாய்.

"கணினியில் கிடப்பதைப் போடு,
யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றார் குவெக்.
நான் பார்ப்பேன்.
எந்தப் பலகையிலும் கடைசி வரியில்
மற்ற மூவரும் சாப்பிட்ட பிறகு வந்தவள்போல
மெலிந்து நிற்பதை
எத்தனை லிஃப்டுகளில் பார்த்திருக்கிறேன்.

தமிழே வட்டம்தான் என்பார்கள்.
வந்து வாய்த்த சொல்லைப் பாருங்கள்:
ப மூன்று முறை, ட ஒரு முறை,
முழுக்க மூலை.
ப-வை உருட்டினேன், குளியல்தொட்டி ஆயிற்று.
ட-வை வளைத்தேன், காலுறை.
தே-யின் கொம்பில்
மேற்சுழி அடைத்துக்கொண்டது;
விட்டால் குறிலாகிவிடும்,
குழந்தையை யாரோ பாதியில் அதட்டியதுபோல.
ஊசிமுனை அளவு வெளிச்சம் விட
இரண்டு இரவு.

புள்ளி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.
அது பிறந்ததே அப்படி.
தொட்டிக்கு மேலே சோப்புக்குமிழியாக
மிதக்கவிட்டேன்.

சனிக்கிழமை ஏணியில் நின்று ஒட்டும்போது
கீழே ஒரு பையன், இர்ஃபானாம்,
தமிழ் வரியைக் காட்டித்
தொட்டிகளை எண்ணினான்.
சத்து, துவா, தீகா.
இரண்டாவதில் யார் குளிப்பது என்று கேட்டான்.
பிறகு உள்ளே போனான்,
போனதும் அலறினான்.
எழுத்தால் ஆவது அவ்வளவுதான்.

இப்போது என்னிடம்
கொழுத்த தமிழ் எழுத்து நான்கு,
ஒரு கால், ஒரு கொம்பு, ஒரு புள்ளி.
அதை வைத்துத்
தட்டாதே எழுதலாம். தப்பாதே எழுதலாம்.
இந்த ஊருக்கு அதுவே முக்கால்வாசி போதும்.

டாக்டர் மறுபடி அழைத்தார்.
நாற்காலிக்கு மேலே, கூரையில்,
படுத்தபடி படிக்க,
'வாயைத் திற'.

வ-விலிருந்து தொடங்குகிறேன்.
அதற்கு ஏற்கெனவே
ஒரு கன்னம் உண்டு.