பாதித் தடம்

இடிந்தகரையில் கயாக்கை நீரில் தள்ளும்போது
வலை உதறிக்கொண்டிருந்தவர் கேட்டார்,
"தூண்டில் இருக்கா?"
இல்லை.
"வலை?"
அதுவும் இல்லை.
"பின்ன என்ன ம..." என்று தொடங்கி
பொம்பளைகள் என்பதால் மீதியை முழுங்கிவிட்டு
"கொண்டல் எடுத்தா கரையப் பிடிச்சிருங்க தாயி" என்றார்.

முன்னால் நான்.
பின்னால் பவுலின் மதினி,
பிரசவ வார்டில் முப்பது வருஷம் நின்று
போன மாதம் ஓய்வு பெற்றவள்.
இருவருக்கும் நடுவே பதினெட்டு லிட்டர் தண்ணீர்,
அவல், கருப்பட்டி, மடித்த கூடாரம்,
அண்ணன் சொன்ன "வேண்டாம்".

அணுஉலையின் மொட்டைத் தலைகள் இரண்டும்
எவ்வளவு துடுப்புப் போட்டும்
முதுகுக்குப் பின்னால் சிறுக்கவே இல்லை.
"ஒன் துடுப்பு என் துடுப்ப இடிக்கி."
"நீங்கதான் மதினி பிந்துதிய."
கூத்தங்குழி தாண்டும்வரை இதுதான் பேச்சு.
எப்போது நின்றது என்று தெரியாது.
தோள்கள் எங்களைக் கேட்காமல்
தங்களுக்குள் ஒத்துப்போயிருந்தன.

மறுநாள் காலை, எண்ணெய் ஊற்றியதுபோல் கடல்.
பக்கத்தில் திடீரென்று ஒரு சீறல்.
குக்கர் என்று திரும்பினேன்.
எத்தனை வருஷமாக அடுக்களை
என் காதுக்குள் குடியிருந்திருக்கிறது!
ஓங்கில்கள். ஐந்து. இல்லை, ஏழு.
ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து
ஒற்றைக் கண்ணால் எங்களைப் பார்த்தது.
பார்த்ததும் ஆர்வம் போய்விட்டது அதற்கு.

உவரிக்கு வடக்கே,
சிவந்த தேரி மண் வெள்ளை மணலைத் தொடும் இடத்தில்
கூடாரம் அடித்தோம்.
கயாக்கை அலைக்கு மேலே
குறுக்காகப் போட்டோம்.
காற்று தடுக்கும் என்றேன் நான்.
யோசனை என்னுடையதுதான்.

நடுச்சாமம் தாண்டியிருக்கும்.
நனைந்த சாக்கை யாரோ
இழுத்து, நிறுத்தி, இழுத்து வருகிற சத்தம்.
ஜிப்பை விரலளவு திறந்தோம்.
பங்குனி ஆமை.
மாசிக் குளிரில் முதுகு ஈயமாக மின்ன
ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு பெருமூச்சு விட்டு
நேராக மேலே வந்தது.
டொப்.
பிளாஸ்டிக்கில் மூக்கு.
துழாவிப் பார்த்தது. காத்திருந்தது.
நாங்கள் வெளியே போயிருந்தாலும் மிரண்டிருக்கும்.
போகாமல் இருந்ததாலும்
கயாக் நகரவில்லை.
பிறகு அது மெல்லத் திரும்பியது.

விடிந்து பார்த்தால்
ஏறிய தடம், வளைந்த இடம், இறங்கிய தடம்:
கடலைப் பார்த்துத் திறந்த ஒரு 'ப'.
குழி இல்லை. முட்டை இல்லை.

மதினி வெகுநேரம் வளைவின் பக்கம் குந்தியிருந்தாள்.
"கட்டில் இல்லைனு
திருப்பி அனுப்பியிருக்கேன்டி," என்றாள்,
"நடுராத்திரியில. ரெண்டு பேர."
அவ்வளவுதான் சொன்னாள்.
அவல் ஊறவைத்தது அப்படியே இருந்தது.

பகல் முழுக்க எதிர்க்காற்று.
ஆலாக்கள் எங்களுக்கு முன்னால் விழுந்து விழுந்து
வாயில் வெள்ளியோடு எழுந்தன.
குட்டத்துக்கு நேரே சொறிகள்,
யாரோ அலசி விட்ட கண்ணாடித் தட்டுகள்போல.
நான் அவளிடம் காட்டவில்லை.
அவளும் பார்த்திருப்பாள்.

அன்றிரவு பெரியதாழை தாண்டி,
நாற்பது கிலோ கயாக்கை
மூன்று இடத்தில் வைத்து மூச்சு வாங்கி
தாழம்புதர்வரை தூக்கிப் போனோம்.
கூடாரமும் அங்கேதான், முள்ளுக்குள்.
விளக்கு இல்லை, அடுப்பு இல்லை.
கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு
குனிந்தபடி உட்கார்ந்திருந்தோம்.
பேய் நண்டுகள் ஓடின.
ஆள்காட்டி ஒன்று தூக்கத்தில் திட்டியது.
ஆமை எதுவும் வரவில்லை.
காலையில் கரை
யாரும் மிதிக்காமல் கிடந்தது.
"வழி கெடக்குல்லா," என்றாள் மதினி.

மணப்பாட்டுக் குன்றும் கோயிலும்
காலையிலேயே தெரிந்துவிட்டன.
மத்தியானமும் அங்கேயே இருந்தன.
கொண்டல் எடுத்தபோது
உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து
உப்பு ஏறியது.
மதினி வார்டில் சொல்வதைச் சொன்னாள்:
"முக்கு. இன்னும் ஒண்ணு. முக்கு."
கெட்ட கோபத்திலும் சிரித்துவிட்டேன்.

கரையில் காத்திருந்த லோடு ஆட்டோக்காரர்
கயாக்கைக் கயிற்றால் இறுக்கியபடி கேட்டார்,
"நாலு நாளா என்னத்தப் பாத்திய?"
"ஓங்கில்," என்றாள் மதினி.
"ஒம்பது."
ஏழுதான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் முகம் கடல் பக்கம் இருந்தது.
"ஒம்பது," என்றேன் நானும்.