மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டு

ராத்திரி பதினொன்றே கால்.
பட்டியலின் தலையில் 'பார்வை' என்றிருந்ததைச் சொடுக்கி
அடியில் இருந்த வரியைத் தொட்டேன்.
நாற்பது பேர் என்று நினைத்திருந்த வீட்டில்
இருநூறு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள்
எல்லோரும் சாம்பல் பூத்து.

முதலில் பிரிண்டர்.
வர்தா புயலன்று ஜன்னல் வழியே மழை குடித்துச் செத்தது.
காயலான் கடையில் நூற்றெண்பது ரூபாய்.
இங்கே அதற்கு இன்னும் பெயர் உண்டு, பதிப்பு எண் உண்டு.
வலது சொடுக்கு. நீக்கு. ஆம், நிச்சயமாகத்தான்.

அப்புறம் டேட்டா கார்டு.
நீள ஒயரில் கட்டி ஜன்னல் கம்பிக்கு வெளியே
கருவாடு மாதிரித் தொங்கவிட்டால் மட்டும்
கொருக்குப்பேட்டைக்கு இணையம் வந்த காலம்.
ஒரே பென் டிரைவ் ஆறு தடவை,
செருகின துளைக்கு ஒன்றாக.
வெப் கேமரா:
எட்டாம் வகுப்பு முழுக்க
பாதி நெற்றி மட்டும் தெரிந்த மகள்.
இதை அப்புறம் பார்க்கலாம்.

'ரோஸ்லின் ஹெட்செட்' என்று ஒன்று.
யார் ரோஸ்லின்?
ரிச்சி தெருவில் இந்தப் பெட்டியை விற்றவன் சொல்லவில்லை.
அவள் காதில் என்ன ஓடியதோ.
மன்னிச்சுக்கோம்மா. நீக்கு.

பின்னால் பாயில் கஜபதி,
கண்மேல் முழங்கையைப் போட்டபடி.
ஓனர் டிரெய்லரை ஃபைனான்ஸ்காரனிடம் விட்டுப் பதினெட்டு நாள்.
ஜீரோ கேட் வரிசையில் விடிய விடிய நின்றவனுக்கு
வீட்டில் தூக்கம் வருவதில்லை.

"இன்னா பண்ற இந்நேரத்துல?"
"வேலையில்லாத டிரைவரை எல்லாம் தூக்கறேன்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

ஃபேன் நாலைந்து சுற்று சுற்றியிருக்கும்.
"வண்டியே பூட்சு,
டிரைவர் மட்டும் உள்ள குந்திகினு கீறானா?"
"ம்."
"சோறு துன்றானா?"

கேட்டைத் தாண்டி சரக்கு ரயில் போனது.
மேசை நடுங்கியது, பாயும் குலுங்கியது.
ரயிலா சிரிப்பா தெரியவில்லை.
திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல்
இரண்டு வரி தள்ளி அழுத்திவிட்டேன்.

அம்பு அங்கேயே நின்றுவிட்டது.
மவுஸைத் தட்டினேன், துணியில் தேய்த்தேன், திட்டினேன்.
இருந்த ஒரே உயிருள்ளதைத் தூக்கிவிட்டிருந்தேன்.

அவன் எழுந்து வந்தான்.
ஒயரைப் பிடுங்கி, முனையில் ஊதி,
பெட்டியின் பின்னால் கையை விட்டுத் தடவி
வேறொரு துளையில் செருகினான்.
"எட்த்துக்குமா?"
"புதுசுன்னு நெனச்சிக்கினு எட்த்துக்கும்."
டொய்ங்.
அம்பு அசைந்தது.

நாற்காலிக் கையில் உட்கார்ந்து மீதியைப் பார்த்தான்.
கேமராவிடம் வந்தபோது
"அது கெடக்கட்டும்" என்றான்.

முடிக்கும்போது மணி ஒன்றரை.
"எவ்ளோ எடம் கெடச்சுது?"
கூட்டிப் பார்த்தேன்.
ஒரு கல்யாண வீடியோவில்
மாப்பிள்ளை செருப்பைக் கழற்றும் வரைக்கும்கூட வராது.

"இத்தினிக்கூண்டு எடத்துக்கா
இத்தினி பேர்" என்றபடி
லைட்டை அணைக்கப் போனான்.