ஏழு பத்திலிருந்து ஏழு ஐம்பது வரை

இரவு ஷிப்ட் முடிந்து
மில்லின் புகைக்கூண்டு எனக்குப் பின்னால்
இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்க
ஏழு பத்துக்கு வீடு சேர்வேன்.
ஏழு ஐம்பதுக்குப் புவனன் டேங்கர் ஏறவேண்டும்,
பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு.
எங்கள் தாம்பத்தியம் நாற்பது நிமிடம்.
அதில் பாதி காப்பிக்கு.

தலைமுடியில் வெந்த செம்பனைப் பழத்தின் வாடை.
குளித்தாலும் போகாது.
காப்பித்தூளை மூக்கருகே பிடித்தால்தான்
சற்றே நகர்ந்து உட்காரும்,
பேருந்தில் இடம் விடுகிறவரைப் போல.

காஹாங் பக்கம் ஒரு துண்டுத் தோட்டக்காரர்
வறுத்து அனுப்பும் லிபெரிக்கா.
கொட்டை ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிது.
நீர் பட்டதும் பழுத்த பலா, கொஞ்சம் புகை.
குளுவாங் பஸ் நிலையத்து லியோங்
துணிப்பையில் வடித்துத் தரும் கோப்பி இரண்டு வெள்ளி.
நாங்கள் செலவழிப்பதைக் கேட்டால் சிரிப்பார்.
கேட்டார். சிரித்தார்.

என்னுடையது வெள்ளைப் பீங்கான் கூம்பு,
உள்சுவரில் சுழன்றிறங்கும் வரிகள்.
பதினெட்டு கிராம் தூள், தராசில்.
முதல் நீருக்குத் தூள் உப்பும், குமிழிவிடும்,
முப்பது விநாடி பொறுக்கவேண்டும்.
பிறகு கொக்குக் கழுத்துக் கெண்டியைச் சாய்த்து
நடுவிலிருந்து வெளியே,
வெளியிலிருந்து நடுவுக்கு.

ஆய்வுக்கூடத்திலும் இதே கைதான்.
எண்ணெயின் அமிலம் அளக்க
குழாயைத் திருகிச் சொட்டுச் சொட்டாய் விட்டு
இளஞ்சிவப்பு நிற்கும் கணத்தில் மூடுவேன்.
ஒரு சொட்டு கூடினால் மாதிரி பாழ்.
காப்பிக்கு அப்படி ஒரு நிறம் இல்லை.
போதும் என்று அது சொல்லாது.

அவனுடையதற்கு அடியில் ஓர் அடைப்பு.
தூளைக் கொட்டு, நீரை ஊற்று, மூடு,
நாலு நிமிடம் மறந்துவிடு.
சவரம் செய்வான், காலுறை தேடுவான்,
டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவான்.
கோப்பைமேல் வைத்து நெம்பைத் தட்டினால்
மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கும்.
நான் வட்டமிட்டு ஊற்றுவதைப் பார்த்து
"பூச முடிஞ்சிருச்சா?" என்பான்.

செவ்வாய்க்கிழமை குழாயில் செம்மண் நீர்.
வடிகட்டி வைத்ததில் ஒரு கெண்டி மட்டும் மிச்சம்.
"உன்னோடதுலயே போடு, ரெண்டு பேருக்கும்" என்றேன்.
முப்பத்தாறு கிராம். மூடி வைத்தான்.
இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்,
அடுப்படியில், செய்ய ஒன்றுமில்லாமல்.

அப்போதுதான் சொன்னான்.
ஜூரோங்கில் கேட்டிருக்கிறானாம். இதே டேங்கர் வேலை.
சம்பளம் அந்த ஊர் வெள்ளியில்.
ஆறு நாள் அங்கே தங்கல்.

நாலாவது நிமிடம் கைப்பேசி மணியடித்தது.
யார் நிறுத்தியதென்று நினைவில்லை.
எப்போது கேட்டாய் என்றேன்.
தீபாவளிக்கு முன்னாலேயே என்றான்.
நெம்பை அவன் தட்டியபோது பதினோரு நிமிடம்.

கசக்கும் என்று முகத்தைத் தயாராய் வைத்திருந்தேன்.
கசக்கவில்லை.
தூள் தரவேண்டியதைத் தந்து முடித்தபின்
நீர் மேற்கொண்டு கேட்பதில்லை போல.
ஆறித்தான் போயிருந்தது.
"நல்லாத்தானே இருக்கு" என்றான், கோப்பைக்குள்.
"ம்" என்றேன்.
அது பொய்யில்லை என்பதுதான் கோபம்.

ஏழு ஐம்பத்திரண்டு. கேட்டருகே பிரேக் சீறி அடங்கியது.

கால்கிலோ பொட்டலம் இருவருக்கு ஏழு நாள்.
ஒருத்திக்குப் பதின்மூன்று நாள், மேலே ஒரு சிட்டிகை.
பத்து நாள் தாண்டினால் பலா வாசம் போய்
புகை மட்டும் தங்கும்.
ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்த்துக் கூட்டினால்
எண் வேறாக வருகிறது.

அரைப் பொட்டலம் கிடைக்குமா என்று
காஹாங்காரருக்குச் செய்தி எழுதி
அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.