எடைப்பாலம்

பஹாவ் செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் எனக்கு.
லாரி ஏறினால் எடை எழுதுவேன்,
குலையைக் கொட்டிவிட்டுத் திரும்பினால் வெற்றெடை.
கழித்து வருவதற்குத்தான் காசு.

இரண்டு லாரிக்கு நடுவே
கைப்பேசிக்குள் ரூலெட் சுற்றுகிறது.
எந்த ஊரிலோ, பகல்போல் விளக்கெரியும் அறையில்
எவெலினா பந்தைச் சுண்டிவிடுகிறாள்.
போன மாதம் முப்பத்திரண்டு விழுந்தபோது
என் பெயரை வாசித்து வாழ்த்தினாள்,
தப்பாக.
அந்தத் தப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சாம்பசிவம் லாரியின் நம்பர் பதினேழில் முடியும்.
பதினேழில் ஐம்பது வெள்ளி.
பந்து அதில் உட்காரத்தான் செய்தது,
பிறகு என்ன நினைத்ததோ
எழுந்து முப்பத்து நாலுக்குப் போனது.

மறுபடி ஐம்பது. நூறு. மறுபடி.
மோட்டார் சாலை வரி,
கோமளாவின் கடைவாய்ப் பல்,
ஞாயிற்றுக்கிழமை கட்டவேண்டிய கூட்டுப் பணம்.

நாலு மணிக்கு மீதி ஒரு வெள்ளி எண்பது காசு.
குறைந்த பந்தயம் இரண்டு வெள்ளியாம்.

இறங்கிப்போய்ப் பாலத்தின் நடுவில் நின்றேன்.
சிவப்பு எழுத்தில்: அறுபது கிலோ.
நேற்றும் அறுபதுதான்.
இருபது இருபதாகத்தான்
எண்ணத் தெரியும் இதற்கு.
சிலிப்பரைக் கழற்றிப் பார்த்தேன்.
அறுபது.

ஹாரன்.
விளக்கைத் தாழ்த்திச் சாம்பசிவம் எட்டிப் பார்க்கிறான்:
“என்னண்ணே, உங்களையும் ஆலையில போடுறாங்களா?”

சிலிப்பரைத் தேடி எடுத்துக்கொண்டு
வழி விட்டேன்.
லாரி ஏறியதும் பாலம்
ஒரு விரற்கடை இறங்கிக் கொடுத்தது.