முதலில் விளக்கை அணை

பதினாறாவது நாளும் பிழை வரவில்லை.
காத்திருந்தால் வராது, அதன் குணம் அப்படி.
எங்கோ ஒரு ரத்த வங்கியின் குளிர்பெட்டிக்குள்
கட்டைவிரல் அகலப் பலகையில்
ஒரு திரெட் தூங்கப் போகிறது,
பிறகு எழுவதே இல்லை.
பதினோரு நாளைக்கு ஒருமுறை. சிலசமயம் முப்பது.
எங்கே சிக்குகிறது என்று பார்க்க
நடுவில் ஒரு பிரிண்ட் வரி போட்டேன்,
நல்ல பிள்ளையாக ஓடியது.
எடுத்தேன். ஒன்பதாம் நாள் நின்றது.

ஐதராபாத்திலிருந்து தாவூத் கேட்டான்:
"கெர்னலையா சந்தேகப்படுற?
ஒலகமே அதுலதான்டா ஓடுது."
உலகம் ஓடட்டும்.
என் பெட்டி நிற்கிறது.

காரைக்குடியில் நான் குடியிருக்கும் வீடு
ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது.
பதினெட்டுப் பங்காளிகளுக்குச் சொந்தம்,
வாடகைக்கு இருப்பது நாங்கள் இருவர்.
இரண்டாம் கட்டில் சேவுகன்,
கடைசிக் கட்டில் நான்.
குழாய் முகப்பில். மோட்டார் சுவிட்ச் என் அறையில்.
நகராட்சித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்,
நடுராத்திரிக்கு மேல், அதன் இஷ்டத்துக்கு,
நாற்பது நிமிஷம்.

ஆம்னி பஸ் ஆபீஸில் கடைசி வண்டியை அனுப்பிவிட்டு
சேவுகன் வருவான்.
குழாயில் சத்தம் கேட்டால் என்னை எழுப்ப வேண்டும்.
ஒப்பந்தம் அவ்வளவுதான்.

அன்று ஒன்றே முக்காலுக்கு நானே போய்ப் பார்த்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு எட்டு.
குழாயில் காற்றுகூட இல்லை.
திரும்பி வந்து, லேப்டாப்பை மூடி,
சார்ஜரைத் தேடி, விளக்கை அணைத்துப் படுத்தேன்.

காலையில் தொட்டி தட்டினால் டங்கென்றது.

"தண்ணி வந்துச்சு. ஒன் ரூம்ல லைட் எரிஞ்சுச்சு.
முழிச்சிருக்க ஆள எதுக்கு எழுப்பணும்?"
"நான் பாத்துட்டுத்தான்டா வந்தேன். வரல."
"நான் பாத்தப்ப வந்துச்சு."
வாயில் பேஸ்ட் நுரையோடு நின்றேன்.
இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.
இரண்டு பேரும் தூங்கியிருக்கிறோம்.
தண்ணீர் வந்து, நின்று, போயிருக்கிறது.

துப்பிவிட்டு ஓடினேன், கோடைத் திறக்க.

திரெட் பார்க்கிறது: வேலை இல்லை.
இன்னும் படுக்கவில்லை.
அந்த இடுக்கில்தான்
இன்னொரு கோரில் வேலை வந்து இறங்குகிறது.
எழுப்ப வந்தவன் தூரத்திலிருந்து பார்க்கிறான்,
விளக்கு எரிகிறது,
விழித்திருப்பவனைத் தட்டுவானேன் என்று போய்விடுகிறான்.
அதற்குப் பிறகு இது படுக்கிறது.
இனி அந்தப் பக்கம் யாரும் வரப்போவதில்லை.

பிரிண்ட் வரி செய்ததெல்லாம்
என்னை நடையில் தாமதப்படுத்தியது.
நான் குழாய்க்குப் போய்ச் சேருமுன்
தண்ணீர் வந்துவிடும்.

ஆக, முதலில் விளக்கை அணை.
பிறகு போய்க் குழாயைப் பார்.
அப்போதும் இல்லையென்றால் படு.

இரண்டு வரிகள் இடம் மாறின.
நடுவே ஒரு தடுப்பும் வைத்தேன்,
கல்யாணப் பந்தியில் முந்துகிறவர்களைப் போல
பிராசஸர் சொல்லாமல் வரிசையை மாற்றும்.
குளிக்காமல்தான் பேட்ச் அனுப்பினேன்.
"ரெண்டு வரிக்கா பதினாறு நாள்?" என்றான் தாவூத்.

அடுத்த தண்ணீர் ராத்திரி
விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நடந்தேன்.
வளவுத் தூணில் முழங்கை இடித்தது.
குழாய் சீறிக்கொண்டிருந்தது.
சுவிட்சைப் போடத் திரும்பி ஓடினால்
என் அறை வாசலில் சேவுகன்,
ஆளில்லாத கதவைப் படபடவென்று தட்டுகிறான்:
"எந்திரிடா! தண்ணி! தண்ணி!"
பின்னாலிருந்து "ம்" என்றேன்.
அவன் போட்ட அலறல் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

வீண் தட்டல்தான்.
பேட்ச் குறிப்பில் அதற்கும் ஒரு வரி எழுதியிருந்தேன்:
எழுப்புவது வீணாகலாம், தவறக் கூடாது.

பெட்டி இருபத்தொன்பது நாளாக ஓடுகிறது.
முப்பதை நான் இன்னும் நம்பவில்லை.