துட்டி நோட்டு

அண்ணாச்சியின் அரசியல் முழுக்க
இருநூறு பக்க நோட்டு ஒன்றில் இருக்கிறது.
நீல அட்டை. மேலே என் கையெழுத்தில்
'துட்டி' என்று மட்டும்.
எனக்கு வேலை வண்டி ஓட்டுவது.

முதல் தேர்தலில் சுயேச்சை, தையல் மெஷின் சின்னம்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு ஓட்டு,
டெபாசிட் போனது.
முக்கூடல் சந்தையில் ஒருத்தர்
"மெஷின் எங்கவே, கிழிஞ்ச வேட்டி ஒண்ணு கெடக்கு" என்றார்.
அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்தார்.
ராத்திரி வண்டியில் வைத்துச் சொன்னார்:
"கல்யாண வீட்டுல எவன் வந்தான்னு
மொய் நோட்டுக்குத்தாம்லே தெரியும்.
செத்த வீட்டுல எவன் வரலன்னு
சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

மறுநாள் நோட்டு வாங்கினேன்.
பேர், ஊர், யார் வீட்டு ஆள், பூத் நம்பர்.
பத்தமடையில் மௌத்து,
சேரன்மகாதேவியில் அடக்கம்,
ஆற்றுக்கு அந்தப் பக்கம் காடேத்து.
எந்தத் தெருவுக்குள் கார் போனால் வருத்தம்,
எந்தத் தெருவுக்குள் போகாவிட்டால் வருத்தம்.
காபி கொடுத்தால்
மறுக்காமல் குடிக்க வேண்டியது என்று
அடிக்கோடு போட்ட வீடுகள் பதினாலு.

இருநூற்று முப்பத்தோராம் சாவில்
பெரிய கட்சி சீட்டு கொடுத்தது.
அறுநூற்றுப் பதினாலு வித்தியாசத்தில்
மாண்புமிகு சொரிமுத்து.

சட்டமன்றத்தில் அவர் பேசியது ஒரே விஷயம்,
வெள்ளத்தில் முங்கும் ஒரு தாம்போதி.
பதினோரு தடவை எழுந்து கேட்டார்.
பதினோரு தடவையும்
அரசின் பரிசீலனையில் இருந்தது.
அடுத்த தேர்தலில் தோற்றார்.
தோற்கடித்தவர் பாலம் கட்டினார்,
கல்லில் அவர் பேர்.
திறப்பு விழாவுக்கு மறுநாள்
என்னை இக்கரையில் நிற்கச் சொல்லிவிட்டு
நடந்தே அக்கரை போய்த் திரும்பினார்.
"நல்லாத்தான் கட்டியிருக்கான்."

பிறகு ஒருமுறை ஜெயித்தார்.
பிறகு கடைசித் தேர்தல்.

அதற்கு முந்தின ஐப்பசியில் ஒரு ராத்திரி
பதினோரு மணிக்கு போன்.
அன்றைக்கு மட்டும் மூன்று சாவு பார்த்திருந்தோம்,
கால் ஆக்சிலேட்டரிலேயே மரத்திருந்தது.
பீடி சுற்றும் செல்லக்கனி மாப்பிள்ளை தவறிட்டாராம்,
பூத் நூற்றுப்பன்னிரண்டு.
"சரி" என்று வைத்தேன்.
எழுதவில்லை. சொல்லவும் இல்லை.

எண்ணிக்கை அன்று
நூற்றுப்பன்னிரண்டாம் மிஷினில்
நாற்பத்தொன்று பின்னால்.
மொத்தத்தில் தோற்றது முப்பத்தேழு.
மறு எண்ணிக்கை கேட்டுக் கத்தியவர்களை
அண்ணாச்சி அமர்த்தினார்.
நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

கார் விற்றாச்சு. இலவச பஸ் பாஸ் இருக்கிறது.
அதில் துட்டிக்குப் போய் வருகிறார்,
பழக்கதோஷம், நானும் கூட.
ஆறு வருஷம் கழித்து
அந்த பஸ்ஸில்தான் சொன்னேன்.
மூணு ஸ்டாப் வரைக்கும் பேச்சில்லை.
நாலாவதில், "எறங்கு."

மடியில் தட்டு. இலை, தூள், நூல்.
செல்லக்கனி நிமிர்ந்து, "எலெக்சன் வந்துட்டா?"
"இல்ல தாயி. துட்டிக்கு வந்தேன்."
"அது ஆச்சே ஆறு வருசம்."
"ஆமா."
கை நிற்கவில்லை அவளுக்கு.
ஒரு கட்டு முடிந்து நூலை அறுத்த பிறகுதான்:
"தையல் மெஷினுக்குப் போடுன்னு
சாவுறதுக்கு முன்ன சொல்லிட்டுப் போனாரு.
உள்ள போயித் தேடுதேன் தேடுதேன், காணல.
பொறத்த ஆளு நிக்கான்.
என்னத்தையோ அமுக்கிட்டு வந்துட்டேன்."

கருப்பட்டிக் காபி வந்தது. குடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் நோட்டைத் திறந்து
பேர் எழுதினேன், ஊர் எழுதினேன்.
"பூத் நம்பர் இனி எதுக்கு அண்ணாச்சி,
விட்டுறட்டுமா?"
வெளியே பிசானத்துக்கு உழுதுகொண்டிருந்தார்கள்.
அதையே பார்த்தபடி சொன்னார்:
"எழுதுலே.
கட்டத்த எதுக்கு வெறுமன போடணும்."